லூப் டெம்போவில் உட்காராத அனுபவங்கள்: நீங்களும் சொல்லுங்கள்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சுடலைமாடன் கோவில் கொடையில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்து வந்தேன். வில்லின் மணி, குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை எல்லாமே ஒரே ஸ்டீரியோ ரெக்கார்டரில். ஊர்க்காரர் ஒருவர் எடுக்கும் ஆவணப்படத்துக்குப் பின்னணி இசை செய்ய வேண்டியிருந்தது. இசை மென்பொருளில் ப்ராஜெக்ட்டின் டெம்போ (வேகம்) 110 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 110 அடி. பதிவில் நன்றாக வந்த 4 பாரை (நான்கு தாளச் சுற்று) வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக வைத்தேன்.

அந்தத் துண்டில் 16 அடி, சரியாக 10 வினாடி. அடிகளை 60-ஆல் பெருக்கி வினாடியால் வகுத்தால் 96 வரும். மென்பொருள் காட்டும் எண் எதுவானாலும் இந்தக் கணக்கை ஒரு தடவை கையால் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். 96-ஐ 110-க்கு இழுத்தேன். நீளம் பொருந்திவிட்டது. ஆனால் கேட்டால் மனசு ஒப்பவில்லை. குடத்தின் அடி ‘தும்’ என்று ஒரே இடத்தில் விழாமல் இரண்டாகப் பிளந்தது. மணி தண்ணீருக்குள் இருந்து கேட்பது போல அலைந்தது.

சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்ற, மென்பொருள் ஒலியைப் பொடிப்பொடித் துண்டுகளாக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுகிறது. ஒட்டும் இடம் அடியின் தலையில் விழுந்தால் அடி கெடும். நீண்டு ஒலிக்கும் மணியில் விழுந்தால் ஓசை நடுங்கும். ஏபில்டன் லைவ் மென்பொருளில் வார்ப் (வேகம் மாற்றும்) முறைகளைத் தனித்தனியாகக் கொடுத்திருப்பதே இதற்காகத்தான். பீட்ஸ் முறையில் குடம் சுத்தமாக விழுந்தது, மணியின் வால் அறுந்தது. காம்ப்ளெக்ஸில் மணி பிழைத்தது, குடம் மழுங்கியது. இரண்டும் ஒரே டிராக்கில் இருந்ததால் ஒன்றைத்தான் காப்பாற்ற முடிந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்து வந்தது. அதே பாட்டின் நடுவில் எடுத்த துண்டு 104. சாமி வருவதற்காகப் பாடும் இடத்தில் 128. மூன்றையும் 110-ல் நிறுத்தி அடுக்கினேன். மென்பொருளின் தாளக் கட்டத்தில் கச்சிதமாக நின்றது, கொடையில் கேட்ட வேகம் மட்டும் அதில் இல்லை. வில்லுப்பாட்டை முன்னின்று பாடிய அண்ணாவியிடமே போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ஏல, இது சாமியக் கூப்பிடுத பாட்டு. ஒரே நடையில நின்னா சாமி எப்படிலே வரும்?” என்றார்.

அன்று இரவே எல்லா லூப்பையும் நீக்கிவிட்டு, வெட்டாத முழுப் பதிவையும் டிராக்கில் வைத்தேன். ஒவ்வொரு பாரின் முதல் அடியிலும் ஒரு மார்க்கர் (அடையாளக் குறி) போட்டு, ப்ராஜெக்ட் டெம்போவை அதன் பின்னால் வர விட்டேன். லைவில் வார்ப் செய்த கிளிப்பை லீடராக வைத்தால் இது நடக்கும். லாஜிக் மென்பொருளில் 2018 முதல் இதற்கு ஸ்மார்ட் டெம்போ இருக்கிறது. ரீப்பர் மென்பொருளில் டெம்போ மார்க்கர்களைக் கையால் போடலாம். மார்க்கர் போட ஒரு முழு இரவு போனது. ஆனால் நான் வாசித்த கீபோர்டு மிடி (ஒலியாக இல்லாமல் சுரக் குறிப்பாகப் பதிவது) எல்லாம் குடத்தோடு சேர்ந்து ஏறியது. இனி நேரடியாக வாசித்த மேளம் எதையும் மென்பொருளின் சீரான கிளிக் ஒலிக்கு வளைக்கப் போவதில்லை. உங்களுக்கு எப்படி?

பாளையங்கோட்டையிலிருந்து, தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்:
எனக்குக் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றில் நடந்தது. 100 பிபிஎம் லூப் என்று தெரியும், ஆனால் 92-ஐ ஒட்டி ஓடியது, சுருதியும் இறங்கிவிட்டது. பாடகர்கள் யாருக்கும் சேரவில்லை. பிறகுதான் கண்டுபிடித்தேன். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்) பதிந்த கோப்பு, 44.1 என்று தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது. அப்படி ஓடினால் வேகம் எட்டு விழுக்காடு குறையும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (அரைச் சுரம்) இறங்கும். வேகமும் சுருதியும் சேர்ந்தே மாறியிருந்தால் ஸ்ட்ரெட்ச் (சுருதி மாறாமல் இழுப்பது) பக்கம் போகவே வேண்டாம், சாம்பிள் ரேட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சங்கரன்கோவிலிலிருந்து:
நையாண்டி மேளத் தவில் லூப். ஆறெட்டு (6/8) நடை, ஒரு பார் சரியாக 1 வினாடி. பாரை இரண்டு அடியாக எண்ணினால் 120, மூன்றாக எண்ணினால் 180. மென்பொருள் 180-ன் பாதியை எடுத்து 90 என்று போட்டுக்கொண்டது. நான் அதை அப்படியே ஏற்று ப்ராஜெக்ட்டில் இழுத்தேன். தவில் எங்கேயோ போகிறது, நாகசுரம் எங்கேயோ போகிறது. நம் ஊர் மேளத்தில் பாதி இந்த மூன்றின் நடைதான். அதனால் கோப்பை உள்ளே கொண்டுவரும் முன்பே கையால் தட்டி, ஒரு பாருக்கு எத்தனை அடி என்று மனசில் முடிவு செய்துகொள்கிறேன். எண்ணை அப்புறம் நானே தட்டச்சு செய்வேன்.

களக்காட்டிலிருந்து:
கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல் வாத்தியத்தோடு எனக்குப் பழக்கம் உண்டு. இரண்டு மகுடம், ஒன்று உச்சம், மற்றது மந்தம். தோலை நெருப்பில் காட்டி இறுக்குவார்கள். நேரம் ஆக ஆகத் தோல் தளரும், சுருதி இறங்கும். மறுபடியும் காய்ச்சுவார்கள். ஆகவே ஒரே இரவின் பதிவில் எடுத்த இரண்டு லூப்புக்கு இரண்டு சுருதி இருக்கும். நான் ஸ்ட்ரெட்ச்சே செய்யாமல் ரீபிட்ச் முறையில், பழைய டேப்பை வேகமாக ஓட்டுவது போல ஓட்டுகிறேன். வேகம் 6 விழுக்காடு கூடினால் சுருதி ஏறக்குறைய ஒரு செமிடோன் ஏறும். பாட்டுக்குரலில் அது ஆகாது. மகுடத்தில் இப்போதுதான் காய்ச்சி எடுத்த மாதிரி கேட்கிறது. துண்டு ஒட்டும் வேலையே இல்லாததால் அடியும் கெடுவதில்லை. ஐந்தாறு விழுக்காடு வரைக்கும் செய்யலாம், அதற்கு மேல் தோலின் குணமே மாறிப்போகும்.

வள்ளியூரிலிருந்து:
சின்ன விஷயம்தான், என் ஒரு வாரத்தைத் தின்றது. லூப்பை எம்பி3-யில் அனுப்பாதீர்கள், வாங்காதீர்கள். அந்த வடிவம் கோப்பின் முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் மௌனம் சேர்த்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு தடுக்கலாகக் கேட்கும். வேவ் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள்.

முதலில் எழுதியவர்:
களக்காட்டு நண்பர் சொன்ன ரீபிட்ச்சைக் குடத்தில் நேற்று செய்து பார்த்தேன். 96-லிருந்து 100 வரைக்கும் அருமை. 110-ல் குடம் சிறுத்து, சட்டி மாதிரி ஆகிவிட்டது. மணியும் குடமும் ஒரே டிராக்கில் இருப்பதுதான் எனக்கு இன்னும் இடைஞ்சல். அடுத்த கொடைக்குக் குடத்துக்கு ஒரு மைக், வில்லுக்கு ஒரு மைக் என்று தனியாக வைக்க அண்ணாவியிடம் கேட்டுவிட்டேன். வில்லை அடிக்கும் வீசுகோலை வீசும் கைக்கு இடைஞ்சல் இல்லாமல் வைத்தால் சரி என்றார். மைக்கை வில்லின் எந்தப் பக்கம் வைப்பது என்று, வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.