கம்பத்தில் இருந்து ஜீப்பில் கேரளா வேலைக்குப் போகிற வீடு, முதலில் எதை வாங்கி வைப்பது?

க.புதுப்பட்டி பையன் (17 மார்ச் 2020)
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவும் சித்தியும் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் போய் வருகிறார்கள், இப்போது கவாத்து வேலை. மூணாறில் தங்கியிருந்த பிரிட்டன்காரர் ஒருவருக்குக் கொரோனா என்று ஞாயிற்றுக்கிழமை கொச்சியில் விமானத்தில் இருந்து இறக்கினார்களே, அதிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். இடுக்கி முழுக்கப் பரவிவிட்டது என்று வாட்ஸப்பில் ஒரு ஆடியோ வேறு சுற்றுகிறது. தாத்தாவுக்குச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. பக்கத்து வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாக இறங்குகிறது. நாங்கள் வாரக்கூலியில் ஓடுகிற குடும்பம், அந்த அளவுக்கு முடியாது. இருக்கிற காசுக்கு எதை முதலில் வாங்க? மாஸ்க் அவசியமா?

திராட்சைத்தோட்டம்
தம்பி, அரிசிக்கும் காய்க்கும் ஏன் பயப்படுகிறீர்கள்? இங்கே இருந்துதான் மலை ஏறி அவர்களுக்குக் காய்கறி போகிறது, ரோட்டை மூடினால் கவலைப்பட வேண்டியவர்கள் அவர்கள். ரேஷன் கார்டு இருக்கிறது, இந்த மாத அரிசியை வாங்காமல் விட்டிருந்தால் போய் வாங்கிவிடுங்கள், அது போதும். என் பாடு வேறு. பன்னீர் திராட்சை பழுத்து நிற்கிறது, கோட்டயம் வியாபாரி போனே எடுப்பதில்லை. கோழிக்கோடு பக்கம் பறவைக்காய்ச்சல் வந்ததையும் இதையும் ஒன்றாகக் குழப்பி ஜனங்கள் முட்டை, கோழி பக்கமே போவதில்லை. நான் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி நன்றாக வேகவைத்துச் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

மருந்துக்கடைக்காரன்
தாத்தா மாத்திரைதான் முதலில். பெரியாஸ்பத்திரியில் வாங்குகிறவர் என்றால் சீட்டை எடுத்துக்கொண்டு நீங்களே போய் நிலைமையைச் சொல்லி ஒரு மாதத்துக்குக் கேளுங்கள், அவரைக் கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். சானிடைசருக்கு அலைய வேண்டாம். மாஸ்க்கையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் என்று 13ஆம் தேதியே மத்திய அரசு அறிவித்துவிட்டது, ஆனாலும் கடைகளில் சரக்கு இல்லை. இருக்கிற இடத்தில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. இந்தக் கிருமியின் மேலே கொழுப்பு உறை இருக்கிறது, சாதாரணச் சோப்பே அதை உடைத்துவிடும், 20 விநாடி தேய்த்துக் கழுவினால் சரி. சானிடைசர் வாங்கியே தீருவேன் என்றால் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், வாசனைத் தண்ணீரை எல்லாம் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். இருமல் உள்ளவரும் அவரைக் கவனிக்கிறவரும் மாஸ்க் போட்டால் போதும் என்றுதான் இப்போதைக்குச் சொல்கிறார்கள்.

முன்னாள் நர்ஸ், கூடலூர்
2018இல் நிப்பா வந்தபோது நான் கோழிக்கோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன், அதனால் சொல்கிறேன். அதில் 17 பேர் இறந்தார்கள், பிடித்தவர்களில் பிழைத்தவர்கள் ரொம்பக் குறைவு. ஆனால் அது இவ்வளவு சுலபமாகப் பரவாது. இது அப்படி இல்லை, நிறையப் பேருக்குச் சளி, காய்ச்சலோடு போய்விடும், அதனாலேயே தெரியாமல் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ஜனவரி 30ஆம் தேதி திருச்சூரில் முதலில் கண்டுபிடித்த அந்த மாணவியும், அப்புறம் வந்த இரண்டு பேரும் குணமாகிவிட்டார்கள், மூன்று பேருமே சின்ன வயசு. உங்கள் தாத்தா விஷயம் வேறு, வயசு, சுகர், பிரஷர் மூன்றும் சேர்ந்திருக்கிறது.

நீங்கள் அரிசியைக் கேட்டீர்கள், எனக்கு ஜீப்தான் கண்ணில் நிற்கிறது. ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்காராத குறையாகப் போகிறார்கள், அதில் ஒருத்தருக்கு இருந்தால் போதும். அம்மாவும் சித்தியும் திரும்பியதும் வாசலிலேயே கைகால் கழுவி, சேலையைத் தனியே போட்டு அலசிவிட்டு உள்ளே வரட்டும், தாத்தா படுக்கையை அவர்கள் படுக்கிற இடத்தில் இருந்து மாற்றுங்கள், தட்டு, டம்ளர் தனி. யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆடியோ கேட்டுக்கொண்டு இருக்காமல் இங்கே என்றால் 104, கேரளாவில் இருக்கும்போது என்றால் அங்கே உள்ள திசா என்ற சுகாதார உதவி எண் 1056, இதில் கூப்பிடுங்கள். எங்கே வேலை, எந்த வண்டி என்று கேட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், கேரளாவில் ராந்நிக்கு இத்தாலியில் இருந்து கொரோனாவோடு வந்த குடும்பம் எங்கெங்கே போனது என்று பட்டியல் போட்டுத்தான் மற்றவர்களைத் தேடினார்கள்.

இன்னொன்று, தோட்டத்தில் கூலி பாக்கி இருந்தால் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். பள்ளிக்கூடத்தை 31 வரை மூடிவிட்டார்கள், செக்போஸ்ட்டையும் மூடினால் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்றுமே அடைபடும், அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

க.புதுப்பட்டி பையன்
நன்றி அக்கா, அண்ணே. ஆள் குறைத்து ஏற்றினால் டீசலுக்குக் கட்டாது என்று ஜீப் டிரைவர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை பாக்கியை வாங்கிக்கொண்டு நின்றுவிடலாம் என்கிறார் அம்மா. அதுவரை போகாதே என்று சொன்னால் கேட்க மாட்டார், கணக்கு முடிக்காமல் வந்தால் கங்காணி இழுத்தடிப்பாராம்.

மருந்துக்கடைக்காரன்
போகட்டும், ஆனால் அந்த நாலு நாளும் ஜீப்பில் துண்டால் மூக்கு, வாயைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே நானே தேவையில்லை என்று எழுதினேன், இருந்தாலும் அந்த நெரிசலுக்கு எனக்கு மனசு ஒப்பவில்லை. துண்டைத் தினமும் துவைக்க வேண்டும். சீட்டோடு நாளைக் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் ஓ.பி. இருக்காது.