புதுப்பிப்பு: ஸ்கேனில் தெரிந்த நெறிக்கட்டி
கழுத்து சி.டி. ரிப்போர்ட்டில் வரும் ‘18 x 9 மி.மீ. நிணநீர்க் கணு’ (நெறிக்கட்டிதான் அது) பற்றிய என் முந்தைய பதிவுக்கு ஒரு சேர்க்கை. பார்க்க வேண்டியது 18 அல்ல, 9. குறுக்களவு, அதாவது இரண்டில் சிறியது, பொதுவாக 10 மி.மீ. வரை இயல்பு, தொடை இடுக்கில் இன்னும் கொஞ்சம் கூடலாம். அவரை விதை வடிவில், நடுவே கொழுப்பு தெரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. உருண்டு, நடுப்பகுதி அழுகியிருந்தால் காசநோயா புற்றுநோயா என்பதைத் திசு எடுத்துத்தான் சொல்ல முடியும்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: திசு முழுவதையும் ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம், கிருமியைக் கொன்றுவிடும்) போட்டுவிட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வழியில்லை. ஒரு துண்டு சலைனில் (உப்புநீர்க் கரைசல்) போகவேண்டும், திசு எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) சந்தேகம் என்றால் மெல்லிய ஊசிச் சோதனை போதாது, முடிந்தால் கணுவையே முழுதாக எடுப்பது நல்லது. அவசரம் இல்லையென்றால் பயாப்சிக்கு (திசு எடுத்துச் சோதிப்பது) முன் ஸ்டீராய்டு வேண்டாம், முடிவையே மறைத்துவிடும்.