உளவு மென்பொருள் எச்சரிக்கை வந்த போனில் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்?

போன வாரம் என் ஐபோன் 13-க்கு ஆப்பிளிடமிருந்து உளவு மென்பொருள் எச்சரிக்கை வந்தது. மின்னஞ்சல் போலியாக இருக்கலாம் என்று நேராக ஆப்பிள் கணக்குக்குள் நுழைந்து பார்த்தேன், அங்கேயும் மேலேயே அதே அறிவிப்பு. 2021-லிருந்து 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் இப்படி அனுப்பியிருக்கிறார்கள், ஆனால் ஏவியது யார் என்று மட்டும் சொல்வதில்லை. அரசு ஒப்பந்தங்களைப் பற்றி எழுதுகிறவன் நான். எனக்குத் தகவல் தந்தவர்களின் எண்கள், செய்திகள் எல்லாம் இதே போனில்தான் இருக்கின்றன, என்னைவிட அவர்களை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

அறிகுறி என்று எதுவும் இல்லை. சூடாகவில்லை, பேட்டரியும் வழக்கம்போலத்தான். ஆனால் எந்த இணைப்பையும் தொடாமலேயே உள்ளே வரக்கூடிய மென்பொருள்கள் இவை, அதனால் அதை வைத்து நிம்மதியாக இருக்க முடியவில்லை.

ஐஓஎஸ்-ஐப் புதுப்பித்து, உளவுத் தாக்குதலைத் தடுக்கப் போனின் சில வசதிகளை முடக்கும் லாக்டவுன் மோடைப் போட்டுவிட்டேன். அப்புறம் கணினியில் கடவுச்சொல்லோடு பேக்கப் எடுத்து, மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி வெளியிட்ட, உளவு மென்பொருளின் தடயங்களைத் தேடும் எம்விடி (MVT) கருவியில் ஓட்டிப் பார்த்தேன், எதுவும் சிக்கவில்லை. அது ஏற்கெனவே தெரிந்த தடயங்களைத்தானே தேடும்? மொத்தத்தையும் அழித்துவிடு என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அழித்தால் ஆதாரமும் சேர்ந்து போய்விடும்.

பின்னால் ஒரு தடயவியல் ஆய்வுக்குச் செல்லுபடியாகும்படி, பேக்கப் தவிர இந்தப் போனிலிருந்து வேறு எந்தக் கோப்புகளை எடுத்து வைக்க வேண்டும்?