காவல் இருக்கிற இடத்தாலேயே நெருப்புக்காய்ச்சல் (டைபாய்ட்) கிருமி எப்படி உள்ளே போகிறது?

இணுவில் அம்மா:
என் மகனுக்கு 17 வயது, உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறான். போன மாதம் மழை விட்டு கொஞ்ச நாளில் காய்ச்சல் தொடங்கியது. ஐந்தாம் நாளும் இறங்காமல் ஏறிக்கொண்டே போனதால் வார்ட்டில் மறித்து, இரத்தம் எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பி, நெருப்புக்காய்ச்சல் என்றார்கள். இப்போது வீட்டில் இருக்கிறான், மருந்து ஓடுகிறது. எங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வளவு மலசலகூடக் குழிக்கும் இடையில் 20 அடி கூட இல்லை என்பதை இப்போதுதான் அளந்து பார்த்தேன்.

என் கேள்வி வேறு. வார்ட்டில் ஒரு இளம் டொக்டர் மகனுடைய கொப்பியின் பின்பக்கத்தில் சிறுகுடலைக் கீறிக் காட்டினார். குடல் சுவரில் நோய்க்காவலுக்கென்றே சில திட்டுகள் இருக்கின்றன, இந்தக் கிருமி அந்தத் திட்டுகளால்தான் உள்ளே போகும், காய்ச்சல் முற்றினால் குடல் ஓட்டையாவதும் அங்கேதான் என்றார். அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. காவல் இருக்கிற இடத்தாலே கள்ளன் எப்படி வருவான்? குடலின் உள்தோல் ஒரே ஒரு கலத் தடிப்புத்தான் என்று மகன் வேறு சொல்கிறான். நாள் முழுக்கக் கண்டதையும் விழுங்குகிறோம், அதற்கு ஒரு படையா? மூத்த மகளும் மூன்று மாதக் கைக்குழந்தையோடு இங்கேதான் நிற்கிறாள், அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. நான் ஓ.எல். வரை விஞ்ஞானம் படித்தவள், கடினமான சொல் வந்தாலும் பரவாயில்லை, விளக்கமாகச் சொல்லுங்கள்.

பழைய பயோ மாஸ்டர்:
தங்கச்சி, முதலில் ஒன்று. காய்ச்சல் விட்டாலும் மருந்தை எழுதித் தந்த கடைசி நாள்வரை கொடுங்கள்.

மகன் சொன்னது சரி, ஒரே படைதான். தோல் மறிப்பதற்கு இருக்கிறது, குடலோ சாப்பாட்டை உறிஞ்ச வேண்டும், தோல் போலத் தடித்தால் நாங்கள் சாப்பிட்டும் பட்டினிதான். அதனால் உடல் அந்தச் சுவரைத் தடிப்பாக்காமல் ஓயாமல் புதுப்பிக்கிறது, 3 முதல் 5 நாளுக்குள் பழைய கலங்கள் உதிர்ந்து புதியவை வந்துவிடும். பரப்பும் சின்னதில்லை. நான் படிப்பித்த காலத்தில் டென்னிஸ் மைதானம் அளவு என்று கரும்பலகையில் எழுதினேன், 2014 இல் சுவீடனில் மறுபடி கணக்கிட்டபோது ஏறத்தாழ 32 சதுர மீட்டர் என்று வந்தது. அதுவும் தோலைப் போல 15 மடங்குக்குக் கிட்ட.

அந்தச் சுவருக்கு மேலே சீதம், அதாவது வழுவழுப்பான சளி, படிந்திருக்கிறது, எனக்கு இதுதான் பெரிய அதிசயம். சர்பத்துக்குள் போடுகிற கசகசா விதை தண்ணீர் பட்டதும் எப்படி ஊதிக் கொழகொழவென்று வருகிறது, அதேபோல கிண்ண வடிவக் கலங்களுக்குள் இறுக்கி மடித்து வைத்த சீதப் புரதம் வெளியே வந்ததும் நீரைக் குடித்துப் பலநூறு மடங்கு ஊதுகிறது. பெருங்குடலில் இது இரண்டு அடுக்கு. வெளியடுக்கில் பற்றீரியாக்கள் குடியிருக்கும், சுவரை ஒட்டிய உள்ளடுக்கில் அநேகமாக ஒன்றும் இராது. சிறுகுடலில் ஓரடுக்குத்தான், ஆனால் அங்கே குழிகளின் அடியில் இருக்கும் கலங்கள் கிருமியின் உறையைத் துளைக்கும் சின்னப் புரதங்களையும் லைசோசைம் என்ற நொதியத்தையும் அந்தச் சீதத்துக்குள் விடுகின்றன. லைசோசைமை 1921 இல் அலெக்சாண்டர் பிளெமிங் முதலில் கண்டது தடிமன் பிடித்த மூக்குச்சளியில்தான்!

அப்புறம் ஐஜிஏ என்ற பிறபொருளெதிரி, அதாவது கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம். நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் சுரக்கிறது, மற்ற வகைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. இரண்டிரண்டாகப் பிணைந்து, சமிபாட்டு நொதியங்கள் வெட்டாதபடி ஒரு துண்டைப் போர்த்துக்கொண்டு, சுவரின் மேலணிக் கலத்துக்குள்ளால் கடந்து குடலுக்குள் வரும். அது கிருமியைக் கொல்லப் போவதில்லை. பிடித்து ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் சீதத்துக்குள் சிக்கவைக்கும், மிச்சத்தைக் குடலின் அசைவு பார்த்துக்கொள்ளும். இரத்தத்தில் நடப்பது போல அங்கே சண்டை மூண்டால் முதலில் புண்ணாவது அந்த ஒரு படைதான். ஒவ்வொரு கவளச் சோற்றுக்கும் அப்படிச் சண்டை பிடித்தால் உடல் தாங்குமா?

லாப் பெடியன்:
மாஸ்டர் சுவரைச் சொல்லிவிட்டார், நான் அதில் விட்டிருக்கும் பொட்டை, அதாவது இடைவெளியை, சொல்கிறேன் அக்கா.

எங்கள் ஊர் வேலிகளில் முன்பு பக்கத்து வீட்டோடு ஒரு பொட்டு இருக்குமல்லவா, ஆள் குனிந்து போகிற அளவுக்கு, வேண்டுமென்றே விட்டது. குடலிலும் அப்படி விட்ட பொட்டுகள்தான் அந்த டொக்டர் சொன்ன திட்டுகளின் மேல் இருக்கின்றன. அவற்றுக்குப் பேயரின் திட்டுகள் என்று பெயர், சுவிற்சர்லாந்து மருத்துவர் யொகான் கொன்ராட் பேயர் 1677 இல் விவரித்தவை. வெளியே என்ன நடக்கிறது என்று உள்ளே தெரிந்தால்தானே எந்தக் கிருமிக்கு எந்த ஐஜிஏ செய்வதென்று முடிவெடுக்கலாம்? அதற்காக அந்தத் திட்டின் மேல் எம் கலங்கள் என்ற ஒருவகைக் கலங்கள், சீதம் மெலிந்த இடத்தில், குடலில் இருப்பதைச் சிறிது சிறிதாக எடுத்துக் கீழே காத்திருக்கும் நோயெதிர்ப்புக் கலங்களான நிணநீர்க்குழியங்களிடம் கொடுக்கின்றன. வேலை ஒழுங்கான வேலை. நெருப்புக்காய்ச்சல் கிருமியான சல்மனெல்லா அந்தக் கையிலேயே ஏறி உள்ளே போகிறது. உள்ளே தின்குழியம் அதை விழுங்கும், ஆனால் இது சாகாமல் அதன் வயிற்றுக்குள்ளேயே பெருகி, அதையே வாகனமாக்கி நிணநீர், இரத்தம், ஈரல், மண்ணீரல், என்புமச்சை என்று சுற்றுகிறது. முதல் கிழமையில் மலத்தை விட இரத்தத்தில் கல்ச்சர் வைப்பது அதனால்தான். பிறகு பித்தப்பையால் திரும்பவும் குடலுக்கு வரும், ஏற்கெனவே வீங்கியிருக்கும் அதே திட்டுகளில் அழற்சி கூடும், மருந்தில்லாமல் விட்டால் பொதுவாக மூன்றாம் கிழமையளவில் ஓட்டையாகும். உங்கள் மகனுக்கு நேரத்தோடு மருந்து தொடங்கிவிட்டார்கள், அந்த ஆபத்து நன்றாகக் குறைந்துவிட்டது. கடும் வயிற்றுக்குத்து வந்தாலோ மலம் கறுத்துப் போனாலோ மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

மிட்வைஃப் அன்ரி:
பிள்ளை, கைக்குழந்தையைப் பற்றி நான் சொல்கிறேன். மகளுக்குச் சொல்லுங்கள், தாய்ப்பாலை ஒரு நேரமும் விட வேண்டாம். அந்த வீட்டில் சுற்றுகிற கிருமிகள் முதலில் தாயின் குடலைத் தொடுகின்றன, அங்கே பழகிய கலங்கள் இரத்தத்தால் மார்புக்கு வந்து அந்தந்தக் கிருமிக்கான ஐஜிஏயைப் பாலில் விடுகின்றன. குழந்தையின் குடல் தானாக அதைச் செய்யப் பழகும்வரை தாயின் குடல்தான் அதற்குக் காவல். மூன்று மாதத்தில் தண்ணீரும் வேண்டாம், கொதித்தாறியதும் வேண்டாம், பால் மட்டும். மகளுக்கு முருங்கையிலை வறை நன்றாகக் கொடுங்கள், விற்றமின் ஏ இல்லாமல் அந்தக் கலங்களுக்குக் குடலின் வழி தெரியாது.

இணுவில் அம்மா:
மாஸ்டர், தம்பி, அன்ரி, மூவருக்கும் நன்றி. பொட்டுக் கதையை மகனுக்கு வாசித்துக் காட்டினேன், கொப்பியில் டொக்டர் கீறிய படத்தின் பக்கத்திலேயே எழுதிக்கொண்டான். ஒன்று மட்டும் கேட்கிறேன், ஒருமுறை வந்துவிட்டதால் இனி வராதா?

லாப் பெடியன்:
வரலாம் அக்கா, இதன் எதிர்ப்பு ஆயுளுக்கும் நிற்பதில்லை. தடுப்பூசி உண்டு, விழுங்குகிற உயிர்த் தடுப்புமருந்தும் சில நாடுகளில் பாவித்திருக்கிறார்கள், அது அந்தத் திட்டுகளுக்கே நேரே பாடம் சொல்வது. இப்போது முக்கியம் வேறு. காய்ச்சல் விட்ட பிறகும் சில கிழமைகள் மலத்தில் கிருமி போகலாம், சிலருக்குப் பித்தப்பையில் தங்கிவிடும். மகன் மலசலகூடம் போய் வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவட்டும், குழந்தைக்கான எதையும் அவன் இப்போது தொட வேண்டாம். கிணற்றுக்குக் குளோரின் போட சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், அதுவரை கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் கொதித்தாறிய தண்ணீர்தான். அடுத்த கிளினிக்கில் மலப் பரிசோதனை எப்போது என்றும் கேட்டுவையுங்கள்.