மென்பொருள் வந்து ஏழு மாதங்கள் ஆகியும் பழைய நோட்டு இழுப்பறையை விட்டுப் போகவில்லை: உத்தரவு போடலாமா?

நெடுவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உதிரி பாகக் கிடங்கு ஒன்றின் பொறுப்பில் இருக்கிறேன். 14 பேர் மூன்று ஷிப்டுகளில் பணிபுரிகிறார்கள். ஏழு மாதங்களுக்கு முன், கையால் எழுதிவந்த இருப்புப் பதிவேட்டை நிறுத்திவிட்டு, வரவு, வழங்கல், இருப்பு அனைத்தையும் மென்பொருளில் பதிவு செய்யும் முறைக்கு மாறினோம். முடிவு தலைமை அலுவலகத்தில் எடுக்கப்பட்டது. மென்பொருளைத் தேர்ந்தெடுத்த குழுவில் கிடங்கிலிருந்து ஒருவரும் இல்லை. இரண்டு நாள் பயிற்சி நடந்தது, எல்லோரும் கையெழுத்திட்டார்கள், எவரும் எதிர்த்துப் பேசவில்லை.

ஆனால் இன்றும் ஒவ்வொரு ஷிப்டின் இழுப்பறையிலும் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பொருளை எடுத்துக் கொடுக்கும்போது முதலில் அதில்தான் எழுதுகிறார்கள். ஷிப்டு முடியும் நேரத்தில், சில நாட்களில் மறுநாள் காலையில், மொத்தமாகக் கணினியில் ஏற்றுகிறார்கள். அதனால் திரை காட்டும் இருப்பும் அடுக்கில் உள்ள இருப்பும் ஒத்துப்போவதில்லை. திரையை நம்பி வரும் பராமரிப்புப் பிரிவினர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கூட்டத்தில் கேட்டால் "சரி ஐயா, மாற்றிக்கொள்கிறோம்" என்கிறார்கள். ஒரு வாரம் சீராகப் போகிறது, பிறகு நோட்டு மீண்டும் வெளியே வந்துவிடுகிறது.

ஒரு தேதியைக் குறித்து, அதற்குப் பிறகு நோட்டு வைத்திருப்பவர்மீது நடவடிக்கை என்று உத்தரவு போடும்படி என் மேலதிகாரி சொல்கிறார். எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் நோட்டை முதலில் எடுப்பவர் 26 ஆண்டு அனுபவமுள்ள மூத்த பணியாளர். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று மற்றவர்கள் அவரைத்தான் கேட்பார்கள். இது பழக்கத்தின் பிடிவாதம்தானா, அல்லது நான் காணத் தவறியது ஏதேனும் இருக்கிறதா?

தணிகை

உத்தரவுக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மூன்று ஷிப்டுகளின் நோட்டுகளையும் வாங்கி, எழுதியவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒரு மாதப் பதிவுகளை வரி வரியாகப் படியுங்கள். குற்றம் கண்டுபிடிக்க வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி, அங்கே தெரியவரும் எதையும் பின்னால் யார்மீதும் திருப்பாமல் இருங்கள்.

ஆய்வகம் ஒன்றில் மாதிரிகளைப் பதிவு செய்யும் முறையை மாற்றும் பொறுப்பு முன்பு என்னிடம் இருந்தது. அங்கேயும் இதே இரட்டைப் பதிவு நடந்தது. பயிற்சி போதவில்லை என்று நினைத்து நான்கு மாதங்கள் மறுபயிற்சி கொடுத்தோம், பயனில்லை. கடைசியில் ஒருநாள் அந்த நோட்டைத் திறந்து பார்த்தபோது, ஓரத்தில் சிறிய எழுத்தில் "நிறம் சந்தேகம், மீண்டும் பார்க்கவும்" என்பது போன்ற குறிப்புகள் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. புதிய மென்பொருளில் முடிவை எழுத இடம் இருந்தது, சந்தேகத்தை எழுத இடம் இல்லை. கவனமான ஆய்வாளர் தம் சந்தேகத்தை எங்கே வைப்பார்? அந்த நான்கு மாதங்களில் அவர்களை மாற்றத்துக்கு எதிரானவர்கள் என்று நான் அறிக்கைகளில் எழுதியதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கல்விளக்கு

பிடிவாதமா என்ற கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள பழைய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பைஜாமா தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் இருவரும் நடத்தி 1948ல் வெளியிட்டது. அங்கே வேலைமுறை மாறும்போதெல்லாம் உற்பத்தி சரிந்தது, பலர் வேலையை விட்டார்கள். மாற்றத்துக்கு ஆளானவர்களுக்குத் தனிப்படி கொடுத்தும் நிலைமை சீராகவில்லை. எனவே ஒரு குழுவுக்கு வழக்கம்போல் மாற்றத்தை அறிவித்துவிட்டு, இன்னொரு குழுவில் பிரதிநிதிகளை மட்டும் கலந்துகொண்டார்கள். வேறு இரண்டு குழுக்களில் எல்லோரையும் சேர்த்து வேலைமுறையை வடிவமைத்தார்கள். அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவில் முதல் 40 நாட்களுக்குள் 17 விழுக்காட்டினர் விலகினர், உற்பத்தியும் மீளவில்லை. எல்லோரும் பங்கேற்ற குழுக்களோ விரைவில் மீண்டு, பழைய அளவையும் தாண்டின.

இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். நான் முக்கியமாகக் கருதுவது அதன் பின்பகுதி. சில மாதங்கள் கழித்து, அறிவிப்பு மட்டும் பெற்ற குழுவில் எஞ்சியிருந்த 13 பேரை மீண்டும் ஒன்றுசேர்த்து, வேறொரு வேலைக்கு மாற்றியபோது, இம்முறை முழுப் பங்கேற்புடன் மாற்றினார்கள். முன்பு முரண்டு பிடித்தவர்கள் என்று பெயரெடுத்த அதே ஆட்கள் விரைவாக மீண்டார்கள். ஆட்கள் மாறவில்லை, கேட்ட முறைதான் மாறியது. உங்கள் 14 பேரின் குணத்தைப் பற்றி முடிவுக்கு வரும் முன் இதைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

மருதம்

கல்விளக்கு சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே பிரெஞ்ச் மற்ற ஆய்வாளர்களுடன் நார்வேயின் காலணித் தொழிற்சாலை ஒன்றில் இதுபோன்ற சோதனையை நடத்தி 1960ல் வெளியிட்டார். அங்கே பங்கேற்ற குழுக்களுக்கும் பங்கேற்காதவற்றுக்கும் உற்பத்தியில் வேறுபாடு காணப்படவில்லை. அங்கே பணியாளர்களிடம் விடப்பட்ட முடிவுகள் வேலையின் மையத்தைத் தொடுபவை அல்ல. சிறிய விஷயத்தைக் கொடுத்து "உங்களையும் கலந்துகொண்டோம்" என்று சொன்னால் மக்கள் அதை உடனே கண்டுகொள்வார்கள்.

நெடுவழி ஐயா, உங்கள் இடத்தில் எது முடிந்துபோன முடிவு, எது இன்னும் திறந்திருக்கிறது என்பதை முதலில் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் இருக்கப்போகிறது என்பது முடிந்த முடிவானால், அதைப் பற்றிக் கருத்துக் கேட்காதீர்கள். முடிவாகிவிட்டது என்று நேராகச் சொல்லுங்கள். எப்போது பதிவது, யார் ஒப்புதல் தருவது, திரையில் எந்தக் கட்டம் வேண்டும் என்பன திறந்தவையானால், அவற்றை உண்மையாகவே அவர்கள் கையில் கொடுங்கள். நோட்டுக்கு முடிவுத் தேதி வேண்டும் என்பதில் உங்கள் மேலதிகாரியோடு எனக்கு உடன்பாடுதான், ஏனென்றால் இரண்டு பதிவுகள் நீண்ட நாள் உடனிருந்தால் இரண்டுமே நம்பிக்கை இழந்துவிடும். ஆனால் நோட்டு செய்யும் வேலையை வேறொன்று செய்யத் தொடங்கிய பிறகுதான் அந்தத் தேதி வர வேண்டும்.

இன்னொன்று: ஷிப்டு மேற்பார்வையாளர்களிடம் கூட்டத்துக்கு முன்பே தனியாகப் பேசிவிடுங்கள். தமக்கே தெரியாத ஒன்றைப் பிறருக்கு விளக்க நேர்ந்தவர், நல்லவராக இருந்தாலும், அதை அரைமனத்தோடுதான் விளக்குவார்.

நெடுவழி

அனைவருக்கும் நன்றி. தணிகை சொன்னபடி மூன்று மாலைகள் அமர்ந்து நோட்டுகளைப் படித்தோம்.

இரவு ஷிப்டு நோட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரிகள் வழங்கலே அல்ல, தற்காலிகமாகக் கொடுத்தவை. இயந்திரம் நின்றுபோனதும் பராமரிப்பு ஆட்கள் இரண்டு அளவு பேரிங்குகளை வாங்கிச் சென்று, பொருந்தியதை வைத்துக்கொண்டு மற்றதைக் காலையில் திருப்பித் தருகிறார்கள். மென்பொருளில் இப்படி ஒரு வகை இல்லை. வழங்கினால் வழங்கியதுதான், திருப்பி எடுக்கத் தனிப் படிவமும் ஒப்புதலும் வேண்டும். அதோடு ஒவ்வொரு வழங்கலுக்கும் ஒப்புதல் எண் கேட்கிறது. இரவில் ஒப்புதல் தரும் அதிகாரி எவரும் பணியில் இல்லை. காலையில் மொத்தமாக ஏற்றுவதைச் சோம்பல் என்று நான் நினைத்திருந்தேன். அவர்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை.

இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று மூத்தவரிடம் கேட்டேன். "ஏழு மாதமாக யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லியிருந்தால், கணினி தெரியாதவன் சாக்குச் சொல்கிறான் என்றுதானே நினைத்திருப்பீர்கள்" என்றார். நான் அப்படித்தான் நினைத்திருப்பேன். அதை அவரிடமே ஒப்புக்கொண்டேன்.

இரவில் ஷிப்டு மேற்பார்வையாளரே ஒப்புதல் தரலாம் என்று மேலதிகாரி இசைந்துவிட்டார். "தற்காலிக வழங்கல்" என்ற வகையைச் சேர்க்க மூன்று வாரம் ஆகும் என்று மென்பொருள் நிறுவனம் சொல்கிறது. திரையில் அது எப்படி அமைய வேண்டும் என்பதை மூத்தவரும் இரவு ஷிப்டில் இருவரும் வரைந்து கொடுத்திருக்கிறார்கள்.

தணிகை

மகிழ்ச்சி. அந்த மூன்று வாரங்களுக்கு நோட்டை இழுப்பறையிலிருந்து வெளியே எடுத்து, தற்காலிக வழங்கலுக்கு மட்டும் உரியது என்று அட்டையில் எழுதி, உங்கள் கையெழுத்தோடு மேசைமேல் வையுங்கள். மற்ற வழங்கல்கள் எல்லாம் அப்போதைக்கப்போதே திரைக்குப் போகட்டும். புதிய வகை வந்ததும் முதல் வாரம் இரவு ஷிப்டில் நீங்களும் உடனிருங்கள். வரைந்து கொடுத்தது ஒன்று, வந்து சேர்ந்தது வேறொன்று என்று ஆவதுண்டு.