பசியாறிய உடனே வயிறு முடுக்குகிறது, ஆயுர்வேதத்தில் வழி உண்டா?

லோரிக்காரன், சுங்கை சிப்புட்:
வணக்கம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன், வயது 47. மூன்று மாதமாக, நாசி லெமாக்கும் தே தாரிக்கும் பசியாறிக் கால் மணி நேரம்கூட ஆகாது, அடிவயிறு முடுக்கி உடனே போயாக வேண்டும். ஆலையில் எடை போடும் வரிசையில் முன்னும் பின்னும் லோரி, இறங்கி ஓட முடியாது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துக் கொட்டுகிறது. பயத்தில் இப்போது மதியம் வரை பட்டினி. ரத்தம் இல்லை, எடையும் குறையவில்லை. மாமியார் சொல்லித் தினமும் திரிபலா சாப்பிடுகிறேன். இனிப்புநீருக்கு மெட்ஃபார்மினும் உண்டு.

பீடோங் அக்கா:
தம்பி, முதலில் திரிபலாவை நிறுத்துங்கள், அது மலத்தை இளக்கும். ஆயுர்வேதத்தில் இதைக் கிரகணி என்ற, செரிமானம் கெட்டு அடிக்கடி வயிறு போகும் நோயோடு சேர்த்துப் பார்ப்பார்கள். சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலில் சிகிச்சைப் பகுதியின் 15ஆம் அத்தியாயமே அதற்குத்தான். அங்கே மோரை உயர்த்திச் சொல்லியிருக்கிறது: பசித்தீயைத் தூண்டும், மலத்தைக் கட்டும், வயிற்றுக்கு இலகு. என் வீட்டுக்காரருக்கு நான் கொடுத்தது இப்படி: புளிக்காத தயிர் அரைக் கப், தண்ணீர் ஒன்றரைக் கப், நன்றாகக் கடைந்து மேலே திரளும் வெண்ணெயை வழித்து எடுத்துவிட வேண்டும், அப்புறம் வறுத்த சீரகப்பொடி, ஒரு சிட்டிகை சுக்கு, உப்பு, கசக்கிய கறிவேப்பிலை. மதியச் சோற்றுக்குப் பிறகு ஒரு குவளை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சில்லென்று குடிக்காதீர்கள். காலையில் நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால் சோறு, சம்பல், தே தாரிக்கின் கெட்டிப்பால் மூன்றையும் விட்டு இரண்டு இட்லி போதும்.

மருந்தகத்தில் வேலை:
அக்கா சொன்ன மோர் சரி. ஆனால் அண்ணே, மெட்ஃபார்மினைப் பாருங்கள், வயிற்றுப்போக்கு அதன் பரவலான பக்கவிளைவு. நீங்களாக நிறுத்தவே கூடாது. மெல்லக் கரையும் வகை இருக்கிறது, மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சாப்பாடு இறங்கியதும் பெருங்குடல் அசைவது எல்லோருக்கும் உள்ளதுதான், கொழுப்பு கூடினால் அந்த அசைவும் கூடும். என்றாலும் 47 வயதில் மூன்று மாதமாகப் பழக்கம் மாறியிருக்கிறது, ரத்தம் இல்லாவிட்டாலும் கட்டாயம் காட்ட வேண்டும். கிரகணிக்குப் பர்ப்படி என்று பாதரசம் சேர்ந்த மருந்தும் உண்டு. பாதரசம் நஞ்சு, அதனால் லேபிள் இல்லாத பொட்டலத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தில் MAL என்று தொடங்கி, இலக்கங்களுக்குப் பின் T என்ற எழுத்து வரும் எண் இருக்கும்.

லோரிக்காரன், சுங்கை சிப்புட்:
மருந்து அட்டையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மெட்ஃபார்மின் அளவைக் கூட்டியது சரியாக மூன்று மாதத்துக்கு முன்பு! வியாழன் லீவு போட்டுக் கிளினிக் போகிறேன். தயிருக்கு இன்றிரவே உறை ஊற்றச் சொல்லிவிட்டேன் அக்கா.