புதுப்பிப்பு: ஏழாம் ஹென்றியை ஏ லெவல் வகுப்பில் எப்படி நடத்துவது?

போன மாதம் கேட்டிருந்தேன்: மாணவர்கள் இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியை "கஞ்ச ராஜா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் காலவரிசை அட்டை போட்டுப் பார்த்தேன். தேதிகள் மனப்பாடமானதுதான் மிச்சம். வேலை செய்தது, ஆட்சியை 1502-ல் இரண்டாக வெட்டச் சொன்ன யோசனை. அந்த ஆண்டு மூத்த மகன் ஆர்தர் இறக்கிறான், அடுத்த ஆண்டு அரசி எலிசபெத். ஆண் வாரிசாக மிஞ்சியது இளைய மகன், சிறுவன் ஹென்றி ஒருவன்தான். அதன் பிறகு பிரபுக்களிடம் பிணைப் பத்திரம் (விசுவாசம் தவறினால் பெருந்தொகை கட்டுவேன் என்ற உறுதி) எழுதி வாங்குவது ஏன் கூடியது என்று மாணவர்களே கேட்க ஆரம்பித்தார்கள். பேராசையா, பயமா என்று ஒரு மணி நேரம் சண்டை!

அப்புறம் பர்கவென்னி பிரபுவின் வழக்கைக் கொடுத்தேன். சட்டத்தை மீறித் தனக்கென்று ஆள்படை வைத்திருந்ததற்காக 1507-ல் 70,000 பவுண்டுக்கும் மேல் அபராதம். ஆனால் மன்னர் கேட்டது அதில் சிறு பங்கைத்தான், அதுவும் தவணையில். மீதி தலைக்கு மேல் கத்தி. பணத்தைவிடப் பிடிதான் முக்கியம் என்பது இந்த ஒரு வழக்கிலேயே புரிந்துவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. மன்னர் மூன்றாம் ரிச்சர்டை வீழ்த்தி ஹென்றி அரியணையைப் பிடித்த பாஸ்வொர்த் போர் நடந்தது 1485 ஆகஸ்ட் 22. ஹென்றி தன் ஆட்சியை 21-லிருந்தே கணக்கிட்டார். அப்படியென்றால் ரிச்சர்டுக்காகப் போரிட்டவர்கள் எல்லோரும் துரோகிகள், சொத்தைப் பறிக்கலாம். நான் போகிற போக்கில் சொன்னது இது. கடைசிக் கட்டுரையில் பாதிப் பேர் இதிலிருந்துதான் தொடங்கியிருந்தார்கள். அடுத்த முறை முதல் வகுப்பே இதுதான்.